காண்டலும் பொறுப்பும்: கிரேக்க அவல நாடகத்தை அரங்கில் காணும் மாணவர்

ஒரு நாடகப் பனுவலை வகுப்பறையில் பயில்வதும் அதனையே அரங்கில் காண்பதும் ஒரே கல்வியின் இரு படிகளா, தம்முள் வேறுபட்ட இரு கல்விகளா என்னும் வினா பழமையானது. அதற்குத் தெளிவான விடை பகர்ந்தவருள் முதன்மையானவர் அரிஸ்டாட்டில். அவல நாடகத்தின் ஆற்றல் அரங்கப் போட்டியும் நடிகரும் இல்லாதபோதும் உளதாகும் என்பது கவிதையியலில் அவர் கொண்ட நிலை. அவர் வகுத்த ஆறு உறுப்புகளுள் காட்சியமைப்பு கவிதைக் கலையோடு மிகக் குறைந்த தொடர்புடையதாகவே மதிக்கப்படுகிறது. ஈடிபஸின் கதையைச் செவியால் மட்டும் கேட்பவனும் நடுங்கி இரங்குவான் என்றும், அவ்வாறு நேரும் வகையிலேயே கதை கட்டப்படல் வேண்டும் என்றும் அவர் கருதினார். நூல்களை நம்பியே இயங்கும் நம் பல்கலைக்கழகத் துறைகளுக்கு இதைவிட ஆறுதல் தரும் கருத்து வேறொன்றில்லை. நானும் பல்லாண்டுகள் அந்த ஆறுதலிலேயே பாடம் நடத்தியவன்.

சில ஆண்டுகளுக்கு முன் தில்லியில் நாடகக் குழுவொன்று சோபோக்ளிசின் ‘ஆன்டிகனி’யை இந்தியில் நிகழ்த்தியபோது, ஒப்பிலக்கியத் தாளில் அதனைப் பாடமாகக் கொண்டிருந்த முதுகலை மாணவரை அழைத்துச் சென்றேன். அவருள் பலர் தமிழகத்திலிருந்து வந்து ஓராண்டே ஆனவர். இந்தி அரைகுறையாகவே விளங்கும். பாடம் முடிந்துவிட்டது, கதை தெரியும், ஆதலின் மொழி தடையாகாது என எண்ணினேன். ஆனால் அரங்கில் அவர்கள் கண்டது நான் நடத்திய பாடம் அன்று. அவ்வேறுபாடு எத்தகையது, அதனை அறம் பற்றிய கல்வி எனக் கூறலாமா, வெறும் உணர்ச்சிக் கிளர்ச்சி என ஒதுக்குவதே நேர்மையா என்பதே இங்கு ஆராயப்படுகிறது. கண்ணகியையும் ஆன்டிகனியையும் அருகருகே நிறுத்தும் ஒப்பீட்டு ஆய்வுகள் நம்மிடையே மிகுதியாக உள்ளன; அவ்வரிசையில் இன்னொன்றைச் சேர்ப்பது இங்கு நோக்கமன்று.

வினாத்தாளில் நாடகம்

கி.மு. 441 அளவில் ஏதென்ஸில் அரங்கேறியதாகக் கருதப்படும் இந்நாடகத்தின் கதை யாவரும் அறிந்தது. ஈடிபஸின் மைந்தர் இருவரும் தீப்ஸ் நகர வாயிலில் ஒருவரையொருவர் கொன்று மடிகின்றனர். நகரைக் காத்த எட்டியோக்ளிசுக்கு உரிய மரியாதையோடு அடக்கம். நகர்மேல் படையெடுத்த பாலினீசிசுக்கு அடக்கம் இல்லை, மீறுவோர்க்குச் சாவு என்பது புதிய அரசனாகிய கிரியோனின் ஆணை. தங்கையாகிய ஆன்டிகனி அவ்வாணையை மீறி உடல்மேல் மண் தூவுகிறாள். அவளுக்கு மணமகனாக உறுதி செய்யப்பட்டவன் கிரியோனின் மகன் ஹீமோன். முடிவில் ஆன்டிகனி, ஹீமோன், கிரியோனின் மனைவி யூரிடிசி ஆகிய மூவரும் தம்மைத் தாமே மாய்த்துக் கொள்கின்றனர்.

இதனைப் பாடமாக நடத்துவோர் பெரும்பாலும் ஹெகலின் வழியிலேயே செல்வர். அரசின் அறத்துக்கும் குடும்பத்தின் அறத்துக்கும் இடையே நேரும் மோதல் இது. இரண்டும் நியாயமுடையன, இரண்டும் ஒருதலைப்பட்டன. மார்த்தா நுஸ்பாம் 1986-இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தை மேலும் நுட்பமாக்கி, இருவருமே தத்தம் உலகினை அளவுக்கு மீறி எளிமைப்படுத்திக் கொண்டவர்கள் என்று காட்டினார். மாணவருக்கு இவையனைத்தையும் சொல்லி, “யார் பக்கம் அறம்?” என்னும் வினாவைக் கொடுத்தால் நல்ல விடைகள் வரும். என் மாணவரும் எழுதினர். பெரும்பான்மையோர் ஆன்டிகனியின் பக்கம் நின்றனர். தமக்கையோடு சேர மறுத்துப் பின் அவளோடு சாக முன்வரும் இஸ்மினியைக் கோழை என்று ஒருவர் எழுதியிருந்தார். கிரியோனைக் கொடுங்கோலன் என்று ஏறத்தாழ எல்லோரும் எழுதினர். விடைத்தாள்கள் குறை கூற முடியாதவை. அவற்றுள் ஒன்றிலேனும் எழுதியவர் தம்மைப் பற்றி ஒரு சொல் இல்லை. வினாவும் அதனைக் கேட்கவில்லை.

அரங்கில் நேர்ந்தவை

உடல்மேல் யாரோ மண் தூவியிருப்பதை அறிவிக்க வரும் காவலன் நகைச்சுவைப் பாத்திரம். வருவதா திரும்பிப் போவதா எனத் தயங்கித் தயங்கி வந்தவன். செய்தியைச் சொல்வதற்கு முன் தான் குற்றமற்றவன் என்பதைப் பலமுறை சொல்பவன். அன்றைய நடிகர் அதனை நன்றாகவே செய்தார். மொழி முழுதும் விளங்காத எம் மாணவரும் உரக்கச் சிரித்தனர். அதே காவலன் சிறிது நேரத்தில் ஆன்டிகனியைப் பிடித்துக்கொண்டு வருகிறான். தான் பிழைத்தது இனிது, வேண்டியவரைத் துன்பத்தில் தள்ளுவது வருத்தம். எனினும் தன் உயிரைவிட அது பெரிதன்று என்பது அவன் பேச்சின் சாரம். நூலில் இவ்விரு வருகைகளுக்கும் இடையே மனிதனின் ஆற்றலைப் பாடும் புகழ்பெற்ற குழுப்பாடல் இருப்பதால் படிப்போர் கவனம் அதிலேயே தங்கிவிடும். அரங்கில் காவலனே நினைவில் நிற்கிறான். அவனைப் பார்த்துச் சிரித்த வாய் மூடுமுன் அவன் கையில் கட்டுண்ட பெண் நிற்கிறாள். மாணவி ஒருவர் ஒரு வாரம் கழித்து என்னிடம் வந்து, “ஐயா, நான் அவனைப் பார்த்துச் சிரித்தேன். அவன் தன் உயிருக்குப் பயந்ததைத்தான் சிரித்தேன். பிறகு அவன் சொன்னதுதான் என் மனத்திலும் இருந்தது” என்றார். அவர் விடைத்தாளில் காவலன் பெயருக்குக் கூட இடம்பெறவில்லை.

இரண்டாவதாகக் கூறத்தக்கது ஒரு பாடச் சிக்கல். நாடகத்தின் 572-ஆம் அடி ஹீமோனை அன்போடு விளித்து, அவன் தந்தை அவனை இழிவுபடுத்துவதற்கு இரங்குவது. கையெழுத்துப் படிகள் இவ்வடியை இஸ்மினியின் கூற்றாகத் தருகின்றன. 1502-இல் வெனிஸ் நகரில் வெளிவந்த ஆல்டஸ் அச்சுப் பதிப்பும் அதனைப் பின்பற்றிய பதிப்பாசிரியர் பலரும் ஆன்டிகனியின் கூற்றாகக் கொண்டனர். இது அற்ப வேறுபாடன்று. இவ்வடி அவளுடையது அன்றெனில், ஆன்டிகனி தன் மணமகனின் பெயரை நாடகம் முழுவதிலும் ஒருமுறையும் சொல்வதில்லை. அகப்பாடல்களில் தலைவி கூற்றா தோழி கூற்றா என்று துறைக்குறிப்புகளை வைத்து வாதிட்டுப் பழகிய நமக்கு இது அயலான சிக்கல் அன்று. நாம் இருவேறு கொள்கைகளையும் அடிக்குறிப்பில் எழுதிவிட்டு மேற்செல்வோம்; பதிப்பியலில் அது நேர்மையான முறையும் ஆகும். மேடையில் அடிக்குறிப்புக்கு இடமில்லை. இரு பெண்களுள் ஒருத்தி வாய் திறந்தாக வேண்டும். நாங்கள் பயன்படுத்திய மொழிபெயர்ப்பில் அது ஆன்டிகனியின் பேச்சு. அன்று அரங்கில் பேசியவள் இஸ்மினி. பேசாமல் நின்ற ஆன்டிகனியின் முகத்தை மாணவர் பார்த்தனர். காதலனின் பெயரைக் கேட்டும் திரும்பாத முகம் அது. இறந்தவர்மேல் அத்துணை அன்புடையவள் உயிரோடிருப்பவனுக்கு ஒரு சொல்லும் வைத்திருக்கவில்லையா என்னும் ஐயம் அப்போதுதான் அவர்களுக்கு எழுந்தது. ஆன்டிகனியும் ஹீமோனும் மேடையில் ஒருமுறையும் சேர்ந்து நிற்பதில்லை என்பதையும் அதன்பின்னரே கவனித்தோம். ஆசிரியனாகிய நானும் உட்பட என்று சொல்லிவிடுவதே முறை.

யூரிடிசிக்கு நாடகத்தில் ஒன்பது அடிகள் மட்டுமே பேச்சு. மகன் இறந்த செய்தியைத் தூதன் விரிவாகச் சொல்லி முடித்ததும் அவள் ஒன்றும் பேசாமல் அரண்மனைக்குள் செல்கிறாள். பனுவலில் அவள் செல்வது அடுத்தவர் பேச்சால்தான் தெரியும், வெற்றிடம்கூட இல்லை. மேடையில் அது ஒரு நடை. அன்று அந்நடிகை மேடையின் முழு நீளத்தையும் மெதுவாகக் கடந்தார். துயரத்தை அலறலாகவும் மார்பில் அடித்துக்கொள்வதாகவும் மட்டுமே திரைப்படங்களில் கண்டு பழகிய மாணவர் அந்த மௌனத்தை எவ்வாறு ஏற்பதென அறியாமல் இருக்கையில் நெளிந்தனர். அடுத்து நேரவிருப்பதை அவர்கள் அறிவர், நூலில் படித்தவர்கள். அறிந்தும் ஒன்றும் செய்ய இயலாமல் உட்கார்ந்திருத்தல் என்பது வாசகனுக்கு நேராத நிலை. வாசகன் நூலை மூடி வைக்கலாம், தேநீர் அருந்தலாம், பக்கத்தை முன்னே புரட்டலாம். காலம் அவன் கையில் உள்ளது.

எல்லாவற்றிலும் வலியது இறுதிப் பகுதி. ஆன்டிகனியின் உடல் மேடைக்கு வருவதில்லை. நாடகத்திற்குப் பெயர் தந்தவள் கல்லறைக் குகையிலேயே விடப்படுகிறாள். வருபவன் கிரியோன், மகனின் உடலைச் சுமந்துகொண்டு. அதன்பின் ஏறத்தாழ நூறு அடிகள் அவனுடைய அழுகையே. கொடுங்கோலன் என்று எழுதி ஐந்து மதிப்பெண் பெற்றவர்கள் அக்கொடுங்கோலனைக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. எழுதியது பொய்யாகிவிடவில்லை, கிரியோன் செய்தது தவறே. ஆனால் அத்தீர்ப்பை வழங்கியவர் எழுந்து போக முடியாதபடி அதன் எதிரில் அமர்த்தப்பட்டனர்.

அழுதவர் நல்லவரா?

இதுவரை கூறியவற்றுக்கு எளிதாக மறுப்புக் கூறலாம். பிளேட்டோ ‘குடியரசு’ நூலின் பத்தாம் பகுதியில் கூறினார்: வாழ்வில் அடக்கிக்கொள்ள வேண்டிய அழுகையை அரங்கில் பிறர் பொருட்டு அவிழ்த்துவிட்டு இன்புறுகிறோம், அது நம் உறுதியைக் குலைக்கும். இளமையில் கார்த்தேஜின் அரங்குகளில் துயர்க்காட்சிகளை விரும்பிக் கண்டதை அகஸ்டின் பின்னாளில் வருத்தத்தோடு நினைவுகூர்ந்தார். உதவிக்குச் செல்ல வேண்டாத இரக்கம் எவ்வகை இரக்கம் என்பது அவர் வினா. ரூசோ 1758-இல் தாலம்பேருக்கு எழுதிய மடலில் இன்னும் கடுமையானவர். கற்பனைத் துயருக்குக் கண்ணீர் சிந்தியவன் மனிதத்துக்குத் தான் செலுத்த வேண்டிய கடன் தீர்ந்தது என எண்ணி வீடு திரும்புகிறான் என்பது அவர் குற்றச்சாட்டு.

வரலாறும் இவர்கள் பக்கமே சான்று கூறுவதுபோல் தோன்றும். கி.மு. 416-இன் இறுதிக் குளிர்காலத்தில் ஏதென்ஸ் மீலோஸ் தீவை வென்று, போரிடும் வயதுடைய ஆடவரைக் கொன்று, பெண்டிரையும் குழந்தைகளையும் அடிமைகளாக்கியது. அடுத்து வந்த 415-இன் இளவேனில் விழாவில் யூரிபிடிசின் ‘டிராய் நகரப் பெண்கள்’ அரங்கேறியது. தோற்ற நகரின் பெண்கள் அடிமைகளாகப் பங்கிடப்படுவதும், மதில்மேலிருந்து குழந்தை வீசப்பட்டு இறப்பதும் அந்நாடகம். மீலோசை மனத்திற்கொண்டே ஆசிரியர் அதனை எழுதினார் என உறுதியாகச் சொல்ல முடியாது. காலம் மிகக் குறுகியது. ஆனால் கண்டவர் மீலோசை நினையாதிருந்திருப்பார் என்பது நம்பத் தக்கதன்று. யூரிபிடிசுக்குக் கிடைத்தது இரண்டாம் பரிசு. அவ்வாண்டுக் கோடையிலேயே ஏதென்ஸ் சிசிலியை வெல்லப் பெருங்கடற்படையை அனுப்பியது. ஆகவே அவல நாடகம் காண்போரை அறவோர் ஆக்கும் என்பது வெறும் நம்பிக்கை. கலை நம்மை உயர்த்தும் என்று விழா மேடைகளில் பேசுவோர் இவ்வாண்டுக் கணக்கைப் பார்ப்பதில்லை.

எனினும் அதே நாடகம் பற்றிப் புளூட்டார்க் கூறும் வேறொரு செய்தி இங்கு ஆழ்ந்து நோக்கத்தக்கது. பெரே நகரக் கொடுங்கோலன் அலெக்சாண்டர் (மாசிடோனியப் பேரரசன் அல்லன், அவனுக்கு முற்பட்டவன்) ‘டிராய் நகரப் பெண்கள்’ நடந்துகொண்டிருக்கையில் திடுமென எழுந்து சென்றான். நடிப்பை இகழ்ந்து செல்லவில்லை என்று நடிகனுக்குச் சொல்லியனுப்பினான். தான் கொன்ற எவருக்கும் இரங்காதவன் ஹெகூபாவின் துயருக்கும் ஆன்ட்ரமாக்கியின் துயருக்கும் அழுவதைக் குடிமக்கள் காண்பரே என்னும் நாணமே காரணம். இக்கதையை அவல நாடகத்தின் வெற்றிக்குச் சான்றாகக் காட்டுவோரும் தோல்விக்குச் சான்றாகக் காட்டுவோரும் உளர். அவன் திருந்தவில்லை; எனவே தோல்வி என்பதே சரி. ஆனால் அவனை எழுப்பியது எது? கண்ணீர் அன்று, கண்ணீர் பிறரால் காணப்படும் என்பது. அவ்வோலைச் சுருளைத் தன் மாளிகையில் தனியே படித்திருந்தால் வேண்டுமளவு அழுதிருப்பான். ரூசோ கூறும் கடன் தீர்ந்த நிறைவும் கிடைத்திருக்கும்.

காண்போரும் காணப்படுவோரும்

டயோனிசஸ் அரங்கு திறந்தவெளி. பகலொளியில் நாடகம் நடந்தது. அரைவட்டமாக அமர்ந்த ஆயிரக்கணக்கானோர் மேடையைக் கண்டது போலவே ஒருவரையொருவரும் கண்டனர். அவ்விழாவிலேயே போரில் இறந்தோரின் பிள்ளைகள் படைக்கலம் பூண்டு அவர்கள்முன் நடத்தி வரப்பட்டனர். இத்தகைய அரங்கில் இரங்குதல் என்பது அகத்தில் நேர்வது மட்டும் அன்று, பலர்முன் செய்யும் செயல்.

நம் இலக்கணிகள் மெய்ப்பாடு என்னும் சொல்லிலேயே இதனை வைத்துள்ளனர். உள்ளத்தில் நிகழ்வது உடலில் வெளிப்பட்டுப் பிறர்க்குப் புலனாதலே மெய்ப்பாடு. நடிப்போன் செய்தது காண்போரைச் சென்றடைதல் என இளம்பூரணர் காட்டும் செயிற்றியனார் கருத்து, சுவையை நடிப்போன், காண்போன் ஆகிய இருவரிடத்தும் வைக்கிறது. அழுகையைப் பேராசிரியர் இரண்டாகப் பகுத்தார்: தன் துயர் பற்றியது, பிறர் துயர் கண்டு எழுவது. இப்பகுப்பைக் கொண்டு கிரேக்கச் செய்தி ஒன்றைத் தெளிவாகக் காணலாம். கி.மு. 494-இல் பாரசீகரிடம் வீழ்ந்த மிலீட்டஸ் நகரைப் பற்றிப் பிரினிக்கஸ் நாடகம் இயற்றியபோது அரங்கமே அழுதது. ஏதென்ஸ் மக்களோ தம் சொந்தத் துயரை நினைவூட்டியதற்காக அவருக்கு ஆயிரம் டிராக்மா தண்டம் விதித்து, அந்நாடகத்தையும் தடை செய்தனர் என்கிறார் ஹெராடடஸ். அதன்பின் வந்த நாடகங்கள் பெரும்பாலும் தீப்ஸ், டிராய், ஆர்கோஸ் எனப் பிற நகர்களில், பழைய காலத்தில் நிகழ்கின்றன. பிறர் துயராக அது காட்டப்பட்டால்தான் ஒருவன் அதன் எதிரில் அமர்ந்திருப்பான். அமர்ந்தபின் அது தன்னுடையதும் ஆகலாம்.

எனவே அரங்கு கற்பிப்பது நற்குணத்தை அன்று. நாம் எங்கே சிரித்தோம், எங்கே இரங்கினோம், எங்கே இரங்கத் தவறினோம் என்பது பிறர்முன் நிகழ்ந்துவிட்டதால் அதற்கு விடை கூறும் கடமை நமக்கு வந்துவிடுகிறது. வாசிப்பில் நேரும் உணர்ச்சியை வாசகன் திருத்திக் கொள்ளலாம், மறக்கலாம், விடைத்தாளில் விட்டுவிடலாம். தன் சிரிப்பு அருகிருந்தோர் காதில் விழுந்தது என்பதை அம்மாணவி மறைக்க இயலவில்லை. நம் நகரங்களில் நாடகம் இருட்டறையில்தான் நடக்கிறது, முகம் தெரியாது. ஆயினும் சிரிப்பு இருட்டிலும் கேட்கும்.

ஏதென்ஸ் மக்கள் சிசிலிக்குச் சென்றனர் என்னும் உண்மை இதனால் மாறாது. கற்றவற்றின்படி நிற்பது கல்விக்கு அப்பாற்பட்டது. வள்ளுவரும் அதனைத் தனியே வற்புறுத்த வேண்டியிருந்தது. மாறுவது ஒன்றே: அறியாமல் செய்தோம் என்று சொல்லும் வழி அவர்களுக்கு அடைபட்டது.

மாணவரும் மேடையும்

இக்கருத்து புதியது போலத் தோன்றினும் நடைமுறை பழையது. ஆக்ஸ்போர்டு மாணவர் 1880-இல் ‘அகமெம்னான்’ நாடகத்தையும், ஹார்வர்டு மாணவர் 1881-இல் ‘ஈடிபஸ்’ நாடகத்தையும், கேம்பிரிட்ஜ் மாணவர் 1882-இல் ‘அஜாக்ஸ்’ நாடகத்தையும் மூலக் கிரேக்கத்திலேயே நடித்தனர். மொழி தெரியாத பலர் பார்வையாளராக இருந்தனர். சிசிலியில் சிராகூஸ் நகரப் பழைய கல்லரங்கில் 1914-இல் ‘அகமெம்னான்’ நாடகத்தோடு தொடங்கிய மரபு உலகப் போர்களால் இடையறவு பட்டும் இன்றுவரை தொடர்கிறது. பள்ளி மாணவர் பெருந்தொகையாக அங்கு வந்து காண்கின்றனர். இந்தியாவில் சம்பு மித்ராவின் பஹுரூபி குழு 1964-இல் வங்க மொழியில் ‘ராஜா ஈடிபஸ்’ நிகழ்த்தியது. ரத்தன் தியாம் 1986-இல் ஆன்டிகனியை ‘லெங்ஷொன்னை’ என்னும் பெயரில் மணிப்புரி மேடைக்குக் கொணர்ந்தார்.

இவற்றுள் எதனினும் பொருளுடையது ராபன் தீவுச் சிறையில் கைதிகள் நடித்த ஆன்டிகனி. அதில் நெல்சன் மண்டேலா ஏற்ற வேடம் கிரியோன். தம் தன்வரலாற்றில் அவரே இதனைக் குறிப்பிட்டுள்ளார். ஆணையை எதிர்த்துச் சிறை புகுந்தவருக்கு ஆன்டிகனியின் சொற்கள்தாம் இயல்பாகப் பொருந்தும். அவர் பேசியதோ ஆணையிட்டவனின் சொற்களை. பிற்காலத்தில் ஆட்சிப் பொறுப்பேற்ற ஒருவர் அதற்கு முன்பே, தம் தோழர் காண, அதிகாரத்தின் பிடிவாதத்தைத் தம் வாயால் பேசிப் பார்த்திருக்கிறார். இதனைக் காரணகாரியமாக நீட்டுவது மிகையாகும், நான் நீட்டவில்லை.

நம் துறைகளில் மாணவரை நாடகத்துக்கு அழைத்துச் செல்வது சுற்றுலாவோடு ஒன்றாக எண்ணப்படுகிறது. அதற்கு நிதி இல்லை, நேரம் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. அழைத்துச் சென்றாலும் எல்லோரும் பயன்பெறுவர் என்பதில்லை. அன்று வந்தவருள் ஒருவர் பாதியில் உறங்கிவிட்டார்; இன்னொருவருக்கு ஆடைகளின் நிறம் மட்டுமே நினைவிருந்தது. இஸ்மினியைக் கோழை என்று எழுதியவர் திரும்பி வரும் வழியில் மெட்ரோவில், “அந்த இஸ்மினி கடைசியில் எங்கே போனாள், ஐயா?” என்று கேட்டார். அவளைக் கொல்வதில்லை எனக் கிரியோன் முடிவு செய்தபின் நாடகம் அவளைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. குடும்பம் முழுதும் அழிந்தபின் எஞ்சியிருப்பவள் அவள். அவளுக்காக அழுவோர் எவரும் இல்லை. பலமுறை பாடம் நடத்தியும் அவ்வினாவை நான் எழுப்பியதில்லை.

காவலனைப் பார்த்துச் சிரித்த மாணவி, அது தவறா என்று கேட்டார். நான் உடனே விடை சொல்லவில்லை. அடுத்த வகுப்பில் அப்பகுதியை அவரையே உரக்கப் படிக்கச் சொன்னேன். இம்முறை வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை. சோபோக்ளிஸ் சிரிக்கச் சொன்ன இடத்தில் சிரிக்காமல் இருப்பதும் சரியான படிப்பு என எனக்குத் தோன்றவில்லை. மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னேன்.